கிருமி அறியாத பேதம்



கண்ணுக்குத் தெரியும் பகைவனோடு களம் காணலாம். கண்ணுக்கே தெரியாத பகைவனை என்ன செய்வது? 2020-ஆம் ஆண்டில் கொரோனா வைரஸ் கண்டம் விட்டுக் கண்டம் தாவியபோது உலகம் கேட்ட கேள்வி இது. வெறும் சளி என்றார் ஒருவர்; விதி என்றார் இன்னொருவர். விடை தந்தது கோடாங்கியின் உடுக்கையன்று, ஆய்வுக்கூடத்தின் சோதனைக்குழாய்!

எவ்வாறு தந்தது? மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சியால் சளி எடுக்கின்றனர். அதில் வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ. இருக்குமாயின், ஒரு நொதி அதனை டி.என்.ஏ.வாக மாற்றுகிறது. சூடேற்றினால் இரட்டை இழை பிரிகிறது. சற்றே குளிர்வித்தால், அந்த வைரஸுக்கென்றே அமைத்த சிறு துண்டுகள் உரிய இடத்தில் ஒட்டுகின்றன. அங்கிருந்து மற்றொரு நொதி ஒன்றை இரண்டாக்குகிறது. இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். சதுரங்கக் கட்டங்களுக்கு நெல் கேட்ட கதை அறிவீர்களே, அதே கணக்கு! முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டும். ஒளிந்திருந்தவன் ஊர்வலமாய் வந்து அகப்படுகிறான்!

பி.சி.ஆர். என்னும் இம்முறையை 1983-இல் எண்ணியவர் அமெரிக்கர் கேரி முல்லிஸ். 1993-இல் நோபல் பரிசு பெற்றார். கொதிசூட்டிலும் கெடாத நொதியைத் தந்ததோ, யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கண்டெடுத்த ஒரு நுண்ணுயிர். 2020 சனவரியில் சீன அறிவியலாளர் வைரஸின் மரபு வரிசையை உலகறிய வெளியிட்டனர். சில நாட்களில், பெர்லின் நகரத்து ஆய்வாளர் வகுத்த சோதனை முறையை உலக சுகாதார நிறுவனம் அனைவர்க்கும் அளித்தது. பூட்டி வைக்காத அறிவு, பூமியெங்கும் பயன்பட்டது!

ஆனால் தோழர்களே, கிருமிக்கு மாளிகையும் ஒன்று, மண்குடிசையும் ஒன்று. சோதனைக்குழாயும் சாதி கேட்பதில்லை, சொத்துக் கேட்பதில்லை. கேட்டது விலை! 2020 மார்ச்சில் தனியார் ஆய்வுக்கூடங்களுக்கு வகுக்கப்பட்ட உச்சவரம்பு 4,500 ரூபாய். அன்றாடங்காய்ச்சிக்கு அது கட்டணமா, கதவடைப்பா? ஏப்ரல் 8-இல் எல்லார்க்கும் இலவசம் என்றது உச்சநீதிமன்றம்; ஏப்ரல் 13-இல் அதனை ஏழை எளியோர் அளவில் சுருக்கிற்று. ஏழையென மெய்ப்பிக்கச் சீட்டுத் தேடி அவன் அலைகையில், கிருமி காத்திருக்குமா?

அந்த வேளையில் ஏழைக்குத் துணை நின்றது எது? அரசின் ஆய்வுக்கூடம்! கிண்டியின் கிங் நிலையத்தில் தொடங்கிய சோதனை, தேனி, திருவாரூர், நெல்லை அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கும் விரிந்தது. விரைந்து விடை சொல்லும், ஆனால் குறைந்த அளவுக் கிருமியைத் தவறவிடும் ஆன்டிஜென் சோதனையைப் பல மாநிலங்கள் நாடிய அந்த ஆண்டில், தமிழ்நாடு பி.சி.ஆர். முறையிலேயே உறுதியாய் நின்றது.

சோதனை மருந்தன்று, உண்மை. ஆயினும், நோயாளி எவரெனத் தெரியாமல் நோயை மடக்குவது எங்ஙனம்? அடுத்த கிருமி தேதி குறித்துவிட்டு வராது. ஆகவே கேட்போம்: மாவட்டந்தோறும் பொது ஆய்வுக்கூடம், அதில் பயின்ற கைகள், அவற்றுக்கு நிலையான ஊதியம்! ஒன்றை நூறு கோடியாக்கத் தெரிந்த அறிவு, ஒரு கோடீசுவரனுக்கு மட்டுமா? இல்லை, ஊருக்கே உரியது!