வன்முறைக் கும்பலை அடக்குவது சட்டமா? சமுதாயமா? – "சமுதாயமே!"



"போலீஸ் இல்லாம ரவுடியை எப்படி அடக்குவீங்க?"ன்னு எதிரணி நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. சட்டம் வேணும்யா. ஆனா சாட்சி சொல்ல ஆள் வரலேன்னா சட்டம் என்ன செய்யும்?

இத்தாலியில சிசிலின்னு ஒரு தீவு. மாஃபியாங்கிற வார்த்தையே அங்கேயிருந்துதான் உலகத்துக்கு வந்தது. அங்கே கடைக்குக் கடை மாமூல். பலேர்மோ நகரத்துல லிபெரோ கிராஸின்னு ஒருத்தர், துணி தைக்கிற ஃபேக்டரி முதலாளி. 1991 ஜனவரியில, "மாமூல் தர முடியாது"ன்னு பத்திரிகையிலேயே கடிதம் எழுதினார். சக முதலாளிகள் பல பேர் அவர் பக்கம் நிக்கலை. ஆகஸ்ட் 29, காலையில வேலைக்குக் கிளம்பினவரைத் தெருவுலேயே சுட்டுக் கொன்னுட்டாங்க.

அதே தீவு, கபோ தோர்லாந்தோன்னு ஒரு சின்ன ஊர். மாமூல் கேட்டதும் அங்கே இருந்த வியாபாரிகள் 1990 டிசம்பர்ல ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. எல்லாருமா கோர்ட்டுக்குப் போய் சாட்சி சொன்னாங்க. 1991-லேயே குற்றவாளிகளுக்குத் தண்டனை கிடைச்சுது!

நடுவர் அவர்களே, ரெண்டு ஊருக்கும் ஒரே சட்டம்தான். ஒருத்தரா நின்னவரைக் கொல்ல முடிஞ்சுது. ஊரா நின்னப்போ முடியலையே! (கைதட்டல்)

இன்னும் கேளுங்க. 2004-ல பலேர்மோவுல சில இளைஞர்கள் ஒரு கடை தொடங்க செலவுக் கணக்குப் போட்டாங்க. வாடகை, சாமான், சம்பளம்... "மாமூலையும் எழுதணுமா?"ன்னு ஒரு கேள்வி வந்தது. அந்தக் கேள்வி அவங்களைத் தூங்க விடலை. மாமூல் கட்டுற மக்களுக்கு மானம் இல்லைங்கிற அர்த்தத்துல நோட்டீஸ் அடிச்சு, ராத்திரியோட ராத்திரியா ஊர் முழுக்க ஒட்டிட்டாங்க. அதுவே ஒரு இயக்கமாச்சு. மாமூல் தராத கடைகளுக்குப் பட்டியல் போட்டு, "இங்கே வாங்குங்க"ன்னு ஜனங்களைக் கேட்டாங்க. அந்தப் பட்டியல் 2006-ல வெளிவந்தது.

யோசிச்சுப் பாருங்கம்மா, ரவுடியை எதிர்க்க அந்த ஊர்ப் பெண்கள் கத்தி எடுக்கலை. காய்கறிப் பையை எடுத்தாங்க! எந்தக் கடைக்குள்ள நுழையறோம்கிறதுல இருந்தது அவங்க பலம். (பலத்த கைதட்டல்)

கடைக்காரனுக்குப் பயம் ரவுடியைப் பார்த்து மட்டும் இல்லேய்யா. "நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா யார் வருவா?"ங்கிற பயம். அதைப் போக்க போலீஸ் ஸ்டேஷன் மட்டும் போதாது. பக்கத்துக் கடைக்காரர் வரணும். பக்கத்து வீட்டுக்காரர் வரணும்.

எனவே, வன்முறைக் கும்பலை அடக்குவது சமுதாயமே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு விடைபெறுகிறேன்.