எந்தப் பட்டியலில் நம் பெயர்?



கல்லூரியில் அடியெடுத்து வைக்கும் மாணவர் பலருக்கு, 'இந்திய அரசாங்கமும் அரசியலும்' என்பது தொடக்கப் பாடங்களுள் ஒன்றாக அமைகிறது. விதிகளின் எண்களையும் அட்டவணைகளின் பெயர்களையும் நெட்டுருப் போட்டுத் தேர்வு எழுதிவிட்டு, மறுநாளே மறந்துவிடத்தக்க பாடம் என்று இதனைக் கருதுவோர் உண்டு. பிறந்த மாநிலத்தை விட்டு வேறு மாநிலத்தில் வாழும் நம்மைப் போன்றவர்களுக்கு இப்பாடம் எத்தகைய துணை என்பதை இன்று சிறிது சிந்திப்போம்.

டில்லியில் மத்திய அரசு அலுவலகங்களில் மொழிபெயர்ப்பாளர்களாகப் பணிபுரியும் நாங்கள் நால்வர், ஞாயிறு மாலைதோறும் எங்கள் குடியிருப்பிலுள்ள தமிழ் மாணவர் சிலருக்கு இப்பாடத்தைச் சொல்லிக் கொடுத்து வருகிறோம். ஒரு நாள், முதலாண்டு மாணவி ஒருவர் வயது வந்தோர் வாக்குரிமையைப் பற்றித் தெளிவாக எடுத்துரைத்தார். 326-ஆம் விதி அவ்வுரிமையை வழங்குவதையும், 21 என்றிருந்த வயது வரம்பை 61-ஆவது திருத்தம் 18 ஆகக் குறைத்து 1989-இல் நடைமுறைக்கு வந்ததையும் பிழையின்றிச் சொன்னார். நாங்கள் பாராட்டினோம். அவரோ குறிப்பேட்டை மூடிவிட்டு, "மாமா, உங்கள் நால்வர் பெயரும் எந்த ஊர் வாக்காளர் பட்டியலில் இருக்கின்றன?" என்று கேட்டார்.

எங்களுள் ஒருவரே டில்லியில் வாக்காளர். இருவருடைய பெயர்கள் சொந்த ஊர்ப் பட்டியலில் இருந்தன. ஆனால் அவர்கள் வாக்களிக்க ஊருக்குச் சென்று பல ஆண்டுகள் ஆகியிருந்தன. நான்காமவர் பெயர் ஊரில் நீக்கப்பட்டுவிட்டது. இங்கே சேர்க்கப்படவும் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அன்று நாங்கள் எங்களிடத்திலேயே கண்டோம்.

வாக்காளர் பட்டியலில் ஒரு பெயர் ஏறுவது எளிதாக வந்த உரிமையன்று. 1946 டிசம்பர் 9-ஆம் நாள் முதன்முறை கூடிய அரசியல் நிர்ணய சபை, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் உழைத்து, 1949 நவம்பர் 26-ஆம் நாள் அரசியலமைப்பை ஏற்றது. சொத்து, கல்வி, சாதி, ஆண், பெண் என்னும் வேறுபாடு பாராமல், வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்கு என்பது அதன் முடிவு. 1951-52-இல் நடைபெற்ற முதற் பொதுத் தேர்தலில் சுமார் 17 கோடிப் பேர் வாக்காளராயினர். அப்பொழுது தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தவர் சுகுமார் சென். இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் சொல்லித் தம் பெயரை வெளியிட மறுத்த பெண்களின் பதிவுகளை அப்படியே ஏற்க அவர் இசையவில்லை. சுமார் 28 லட்சம் பதிவுகள் நீக்கப்பட்டன. அன்று அப்பெண்கள் வாக்கிழந்தது தம் பெயரைச் சொல்லத் தயங்கியதால். இன்று நம்மவருள் பலர் வாக்கிழப்பது தம் ஊரைச் சொல்லத் தயங்குவதால்.

'சொந்த ஊர்' என்பது தமிழில் இனிய சொல். ஆயினும் 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. ஒருவர் வழக்கமாக வசிக்கும் இடம் எது என்பதையே சட்டம் கேட்கிறது. ஒரு தொகுதியில் வீடு சொந்தமாக இருப்பது ஒன்றே, அங்கு வசிப்பதற்குச் சான்றாகாது என்று அச்சட்டத்தின் 20-ஆம் பிரிவு கூறுகிறது. தற்காலிகமாக வெளியூர் சென்றதனால் மட்டும் ஒருவர் தம் வசிப்பிடத்தை இழந்துவிடுவதுமில்லை. ஒருவர் பெயர் ஒரே தொகுதியில்தான் இருக்கலாம். புதிதாகப் பெயர் சேர்க்க 6-ஆம் எண் படிவமும், குடிபெயர்ந்தோர் பதிவை மாற்ற 8-ஆம் எண் படிவமும் உள்ளன.

இதனை நாங்கள் விளக்கியபோது, எங்களுள் மூத்தவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "ஊர்ப் பட்டியலிலிருந்து பெயர் போனால், ஊரோடு உள்ள கடைசி நூலும் அறுந்ததாகாதா?" என்றார். எவரும் எளிதில் ஒதுக்கிவிடக் கூடிய கேள்வியன்று அது. குலதெய்வத்தின் கோயிலும், பங்காளிகளின் வாசலும், தந்தை விட்டுச்சென்ற காணி நிலமும் அங்கேதான் இருக்கின்றன. ஆயினும், நாம் குடிக்கும் தண்ணீரும் நம் பிள்ளைகள் பயிலும் பள்ளியும் இரவில் நாம் நடந்துவரும் தெருவும் இங்கே இருக்கின்றன. இவற்றைப் பற்றி முடிவு செய்பவர்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் நம் குரல் இல்லையென்றால், நாம் இந்நகரில் என்றும் விருந்தினராகவே இருப்போம்.

அரசியலமைப்பு நம்மை விருந்தினராக வைக்கவில்லை. நம் நாட்டில் குடியுரிமை ஒன்றே. மாநிலத்துக்கு மாநிலம் தனிக் குடியுரிமை கிடையாது. நாட்டின் எப்பகுதிக்கும் செல்லவும், எங்கும் தங்கி வாழவும் 19-ஆம் விதி குடிமக்களுக்கு உரிமை தருகிறது. பொதுநலன் கருதித் தக்க கட்டுப்பாடுகள் விதிக்கவும் அவ்விதியே இடமளிக்கிறது.

குடிமகன் என்ற நிலை தெளிந்தபின், எந்த வாசலில் சென்று முறையிடுவது என்பது அடுத்த கேள்வி. அதற்கு விடை ஏழாம் அட்டவணையில் இருக்கிறது. பேச்சு வழக்கில் மத்திய அரசு என்கிறோம். அரசியலமைப்பின் முதல் விதி நம் நாட்டை மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது. ஒன்றியத்துக்கு ஒரு பட்டியல், மாநிலங்களுக்கு ஒரு பட்டியல், இருசாராருக்கும் பொதுவாக ஒரு பட்டியல் என அதிகாரங்கள் பகுக்கப்பட்டுள்ளன. ரயில்வேயும் அஞ்சலும் ஒன்றியத்துக்கு உரியவை. காவல்துறை மாநிலத்துக்கு உரியது. முன்னர் மாநிலப் பட்டியலில் இருந்த கல்வி, 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்கு வந்தது. டில்லியின் நிலையோ தனி. 1991-ஆம் ஆண்டின் 69-ஆவது திருத்தம் டில்லிக்குச் சட்டமன்றத்தை அளித்தது. ஆனால் பொது ஒழுங்கு, காவல்துறை, நிலம் ஆகியவற்றை அதன் அதிகாரத்துக்கு வெளியே நிறுத்தியது. மும்பையில் வாழும் தமிழர் காவல்துறையைப் பற்றி மாநில அரசிடம் முறையிடலாம். டில்லித் தமிழர் அதற்கு ஒன்றிய அரசை நாட வேண்டும். தெருக் குப்பைக்கோ இருவரும் நாட வேண்டியது மாநகராட்சியை. பட்டியலைப் படியாதவர் ஒரு வாசலில் கேட்க வேண்டியதை மற்றொரு வாசலில் கேட்டுவிட்டு, அரசாங்கம் செவிடு என்று சலித்துத் திரும்புகிறார்.

மொழிபெயர்ப்புத் தொழில் எங்களுக்குக் கற்பித்த ஒரு பழக்கத்தை மாணவர்களுக்கும் பரிந்துரைக்கிறோம். சட்ட வாக்கியம் ஒன்றைப் படிக்கும்போது அதன் வினைச்சொல்லைப் பாருங்கள். மொழிச் சிறுபான்மையினர் தம் விருப்பப்படி கல்வி நிலையங்களை நிறுவி நடத்த 30-ஆம் விதி உரிமை அளிக்கிறது. அவர்களுடைய குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிவழிக் கல்விக்கான வசதிகளை அளிக்க ஒவ்வொரு மாநிலமும் உள்ளாட்சி அமைப்பும் முயல வேண்டும் என்கிறது 350-அ விதி. 1956-இல், மாநிலச் சீரமைப்பை ஒட்டி, ஏழாவது திருத்தத்தால் சேர்க்கப்பட்டது அது. 'உரிமை' என்பது ஒன்று. 'முயல வேண்டும்' என்பது வேறொன்று. முயற்சியாக எழுதப்பட்டது தானாகச் செயலாகாது. கேட்பவர் இருந்தால்தான் முயல்பவரும் இருப்பார். பட்டியலில் பெயருள்ளவர் கேட்கும்போது அக்கேள்விக்குக் கனம் கூடுகிறது.

ஆகவே, இப்பாடத்தைத் தொடங்கும் மாணவருக்கு நாங்கள் மூன்று பயிற்சிகள் தருகிறோம். முதலாவது, வழிகாட்டி நூல்களுக்கு முன்னர் அரசியலமைப்பின் மூலவாசகத்தையே படித்தல். நாள்தோறும் இரண்டு விதிகள் போதும். இரண்டாவது, அன்றைய செய்தித்தாளில் ஒரு செய்தியை எடுத்து, அது எந்தப் பட்டியலைச் சார்ந்தது என்று எழுதுதல். மூன்றாவது, தாம் வசிக்கும் வார்டு, சட்டமன்றத் தொகுதி இருந்தால் அது, மக்களவைத் தொகுதி ஆகியவற்றின் பெயர்களையும், அவற்றின் பிரதிநிதிகளையும் அறிந்து குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதுதல். மூன்றாவதைச் செய்ய முடியாமல் திகைக்கும் மாணவரே பெரும்பாலோர். பெற்றோரைக் கேட்டால் அவர்களும் திகைக்கிறார்கள். பாடம் வீட்டுக்குள் நுழைவது அப்பொழுதுதான்.

எங்களைக் கேள்வி கேட்ட மாணவி அடுத்த ஞாயிறன்று மூன்று படிவங்களுடன் வந்தார். இருவர் அன்றே எழுதிக் கையொப்பமிட்டனர். மூத்தவர் தம் படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒரு திங்கள் கழித்து, ஊருக்குச் சென்று பொங்கலிட்டுத் திரும்பியபின், அவரும் எழுதிக் கொடுத்தார். "ஊர் அங்கேயேதான் இருக்கிறது" என்று மட்டும் சொன்னார்.

நேயர்களே, உங்கள் இல்லத்தில் இப்பாடத்தைப் பயிலும் பிள்ளை இருந்தால், இன்றிரவு மதிப்பெண்ணைக் கேளாதீர்கள். நம் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று அப்பிள்ளை உங்களைக் கேட்க இடம் கொடுங்கள். விடை சொல்ல இயலாவிடில், இருவரும் சேர்ந்து அதனைத் தேடுங்கள்.