நிழற்படத்தில் நாதம்



1838ஆம் ஆண்டில் டாகேர் என்பார் பாரிஸ் நகர வீதியொன்றைப் படம்பிடித்தார். ஒளி பதியப் பல நிமிடங்கள் சென்றமையால், ஓடிய வண்டிகள் யாவும் மறைந்தொழிந்தன. பாதணிக்கு மெருகிடுவித்து நின்றவர் பதிந்தார். அன்று குறையாயிருந்ததே இன்று இசையரங்கிலே கலையாகின்றது.

கமராவை முக்காலியில் நிறுத்தி, அரை விநாடி திறந்து வையுங்கள். தவில் வித்துவானின் உடல் தெளிவாய் நிற்கும்; கைகளோ புகையென விரியும். நொடிப்பொழுதுப் படத்திலே அக்கைகள் உறைந்திருக்கும். அவர் வாசிக்கின்றாரோ, ஓய்கின்றாரோ என அறிதல் அரிது. இசை காலத்திலே வாழ்வது. காலத்தைத் துண்டித்தால் நாதமும் துண்டிக்கப்படும்.

மின்னொளி பாய்ச்சிக் கலைஞரைக் கலைக்கவும் வேண்டியதில்லை. ஆயினும், அவர் தலையசைத்தால் முகமும் மங்கும். பலவற்றுள் ஒன்றே தேறும். தாளமறிந்து காத்திருப்பவருக்கே அந்த ஒன்று வாய்க்கும். ஆதலால், படம்பிடிக்க விழையும் இளைஞர் முதலிற் கேட்கப் பழகுவாராக.