ரேடியோ கை மாறினால் பாட்டும் மாறும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் கூடல் நாள் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம் பேசு, உன் தொழில் சம்பந்தமா ஏதாவது சொல்லு, ஆனா போரடிக்காதே" என்று செயலாளர் மூன்று கட்டளை போட்டார். என் தொழில் சிக்னல், ஆன்டெனா. அதைப் பேசினால் மூன்றாவது கட்டளையை மீற வேண்டியிருக்கும். அதனால் நாம் எல்லோரும் கேட்ட ரேடியோவைப் பற்றிப் பேசுகிறேன். குறிப்பாக ஒரே ஒரு கேள்வி. ரேடியோ நிலையத்தின் சொந்தக்காரர் மாறினால், அதில் வரும் பாட்டு ஏன் மாறுகிறது?

இந்தக் கேள்விக்கு விடை தேட வெளியூர் போக வேண்டாம். நம்ம சென்னையிலேயே நூறு வருஷக் கதை இருக்கிறது.

1924-ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று சென்னை மாகாண ரேடியோ கிளப்பை ஆரம்பித்தார். அந்த வருஷம் ஜூலை 31-ம் தேதி ஒலிபரப்பு தொடங்கியது. பம்பாயில் இந்திய ஒலிபரப்புக் கம்பெனி வந்தது 1927 ஜூலை 23-ல். அதாவது நாம் மூன்று வருஷம் முந்தி. பழைய குண்டு பல்பு ஒன்றுக்கு இருந்த சக்தி, 40 வாட்ஸ், அவ்வளவுதான் அவர்களுடைய முதல் டிரான்ஸ்மிட்டர். பிறகு 200 வாட்ஸ் ஆனது. கிளப் என்றால் சந்தா. சந்தா கொடுத்த அங்கத்தினர்களின் ஆர்வம்தான் அங்கே நிகழ்ச்சி நிரல். ஆர்வம் இருந்த அளவுக்குக் காசு இல்லை. 1927-ல் கிளப் மூடப்பட்டது. கருவிகளை மாநகராட்சியிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

இதுதான் முதல் கை மாற்றம். 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சி ஒலிபரப்ப ஆரம்பித்தது. குப்பை வண்டியும் குடிதண்ணீர்க் குழாயும் பார்க்கிற அதே மாநகராட்சிதான்! சாயங்காலம் ஐந்தரை முதல் ஏழரை வரை சங்கீதமும் பேச்சும். பள்ளிக்கூட நாட்களில் நாலு மணிக்குப் பிள்ளைகளுக்குப் பாடம், கதை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இசைத்தட்டு. மாதத்தின் முதல் திங்கட்கிழமை ஐரோப்பிய சங்கீதம். மெரினாவில் ஒலிபெருக்கி வைத்து, ரேடியோ வாங்க வசதி இல்லாதவர்களும் கேட்கும்படி செய்தார்கள். பாருங்கள், கிளப் கையில் இருந்தவரை ரேடியோ அங்கத்தினருக்கு. மாநகராட்சி கைக்கு வந்தவுடன் கடற்கரையில் காற்று வாங்க வந்தவருக்கும் ரேடியோ. கருவி அதேதான். காசு எங்கிருந்து வருகிறது என்பது மாறியது, கேட்கிறவர் மாறினார், நிகழ்ச்சியும் மாறியது.

இரண்டாவது கை மாற்றம் 1938 ஜூன் 16. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழும்பூர் மார்ஷல்ஸ் ரோட்டில் தொடங்கியது. 1954-ல் மயிலாப்பூர் கடற்கரைப் பக்கம் இப்போதைய கட்டிடத்துக்கு வந்தது. சந்தா போய், வரி போய், சர்க்கார் வந்தது. சர்க்கார் கையில் எதைக் கொடுத்தாலும் என்ன செய்யும்? நமக்கு நல்லது எது என்று தீர்மானிக்கும்! 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்கள் ரசனையைக் கெடுக்கிறது என்று கருதினார். சினிமா சங்கீதத்தைக் குறைத்தார். படத் தயாரிப்பாளர்களும் கோபித்துக்கொண்டு அனுமதியை வாபஸ் வாங்கினார்கள். வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது.

இதில் நல்லதும் உண்டு, மறைக்கக் கூடாது. சங்கீதக்காரர்களுக்கு ஆடிஷன் வைத்துத் தரம் பிரிக்கும் முறை அந்தக் காலத்தில்தான் வந்தது. "ஏ டாப்" என்ற பட்டம் இன்றைக்கும் மயிலாப்பூர் சபா நோட்டீசில் பெயருக்குப் பக்கத்தில் நிற்கிறதே, அது அங்கிருந்து வந்ததுதான். சபாவில் டிக்கெட் வாங்க முடியாத வீடுகளில் முழுக் கச்சேரி கேட்டது. எங்கள் பாட்டி மந்தைவெளியை விட்டு அதிகம் வெளியே போனதில்லை. அவருக்கு நூறு ராகமாவது தெரியும். எல்லாம் அந்தப் பெட்டி சொல்லிக் கொடுத்தது.

ஆனால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? கடல் தாண்டிக் காதை வைத்தார்கள். இலங்கையில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நேச நாட்டுப் படைகளுக்காக ஒரு வானொலி இருந்தது. 1949-ல் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950-ல் வர்த்தக சேவை தொடங்கியது. படைவீரர்களுக்காக வைத்த பலம் பொருந்திய டிரான்ஸ்மிட்டர் பாட்டுக்கும் பற்பசை விளம்பரத்துக்கும் பயன்பட்டது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத்... இங்கே உட்கார்ந்திருக்கும் மூத்தவர்கள் முகத்தில் சிரிப்பு வருவது எனக்குத் தெரிகிறது! பொங்கும் பூம்புனலும் பாட்டுக்குப் பாட்டும் தமிழ்நாட்டு வீடுகளில் கேட்டன.

இங்கே கொஞ்சம் என் தொழில். இரண்டே நிமிஷம், தம்பிகளுக்காக. சென்னை முதல் அலைவரிசை 720 கிலோ ஹெர்ட்ஸ். அலையின் நீளம் கணக்குப் போட்டால் சுமார் 417 மீட்டர். அந்த மத்திய அலை தரையைத் தொட்டபடி வெகுதூரம் போகும். ராத்திரியில் வான்மேல் அடுக்கில் பட்டுத் திரும்பி இன்னும் தொலைவில் இறங்கும். இப்படித் தூரம் போகிற அலைகள் கடலுக்கும் எல்லைக்கும் பாஸ்போர்ட் கேட்காது. அதனால்தான் டில்லியில் ஒரு அமைச்சர் பாட்டை நிறுத்தினாலும் மாம்பலத்தில் அது நிற்கவில்லை. ஆனால் மத்திய அலையில் ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் ஒன்பது கிலோ ஹெர்ட்ஸ்தான் இடைவெளி. நாலு, நாலரை கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள நாதம் அடிபட்டுவிடும். தம்பூராவின் மினுமினுப்பு போய்விடும். எஃப்.எம்.மில் பதினைந்து கிலோ ஹெர்ட்ஸ் வரை கேட்கும், ஆனால் ஊர் எல்லையோடு சரி. ஒன்று தூரம் போகும், இன்னொன்று தெளிவாக இருக்கும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது.

சர்க்காரும் ஒருவழியாக இறங்கி வந்தது. 1957 அக்டோபர் 3-ல் விவித் பாரதி பிறந்தது. 1967-ல் பம்பாயில் விளம்பரம் சேர்ந்தது, 1969-ல் சென்னைக்கும் வந்தது. தேன்கிண்ணம், நேயர் விருப்பம், ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரம். சொந்தக்காரர் அதே சர்க்கார்தான், ஆனால் செலவுக்குப் பணம் சோப்புக் கம்பெனியிடமிருந்தும் வர ஆரம்பித்தது. பாட்டு உடனே மாறிவிட்டது! ஆகவே நான் கண்ட விதி இதுதான்: பத்திரத்தில் யார் பெயர் என்பதைவிட, மாதாமாதம் பில் யார் கட்டுகிறார் என்பதுதான் ரேடியோவில் வரும் பாட்டைத் தீர்மானிக்கிறது.

மூன்றாவது கை மாற்றம் என் தலைமுறையுடையது. நாட்டிலேயே முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலை 23-ல் சென்னையில்தான் தொடங்கியது. 1993-ல் அரசு எஃப்.எம். நேரத்தைத் தனியாருக்கு விற்கத் தொடங்கியது, 1998-ல் நிறுத்தியது. நடுவில் 1995-ல், வான் அலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. பிறகு ஏலம். 2003 வாக்கில் சென்னையில் சூரியன் எஃப்.எம்., ரேடியோ மிர்ச்சி. 2006-ல் இன்னும் பல. அப்போது நாங்கள் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள். பஸ்சில், டீக்கடையில், அடையாறு டிப்போ பக்கத்து ஆட்டோவில், எங்கே பார்த்தாலும் எஃப்.எம். நம்ம வீட்டில் பேசுகிற தமிழையே ரேடியோவில் பேசினார்கள். "வணக்கம் சென்னை"க்கு உயிர் வந்தது. அந்தச் சந்தோஷத்தை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். முதல் சுற்று ஏலத்தில் எடுத்தவர், வருமானம் வந்தாலும் வராவிட்டாலும் கட்டணம் கட்ட வேண்டும். அதுவும் வருஷத்துக்கு 15 சதவீதம் ஏறும். 2005-ல்தான் வருமானத்தில் 4 சதவீதம் என்ற முறை வந்தது. இவ்வளவு பாரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு யாராவது ஆபத்தான சோதனை செய்வார்களா? எல்லோரும் அதே கூட்டத்தைத்தான் தேடினார்கள். அதனால் எல்லோரும் அதே பாட்டைத்தான் போட்டார்கள். தனியார் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி சொல்லவும் அனுமதி இல்லை. எட்டு நிலையம் இருந்தும் எதைத் திருப்பினாலும் இந்த வாரத்து ஹிட். கச்சேரி இல்லை, வீடும் வயலும் இல்லை, பாப்பாவுக்குக் கதை இல்லை. இதற்கு எந்தக் கம்பெனியையும் திட்ட வேண்டியதில்லை. அந்த நாற்காலியில் நாம் உட்கார்ந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஒரு கம்பெனி இத்தனை நிலையம்தான் வைத்துக்கொள்ளலாம் என்ற தேசிய வரம்பை 1996-ல் சட்டம் போட்டு எடுத்தார்கள். சில வருஷத்தில் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் ஆயிரத்து இருநூறுக்கு மேல் நிலையங்கள். பல ஊர்களில் உள்ளூர் அறிவிப்பாளருக்குப் பதில் வேறு ஊரில் பதிவு செய்த குரல். உள்ளூர்க்காரர் ரேடியோவைப் போட்டால் உள்ளூர் மழையைப் பற்றிக்கூடத் தகவல் இல்லை.

மழை என்றதும் 2015 டிசம்பர் ஞாபகம் வரும். அடையாறு கரை தாண்டியது. கரண்ட் இல்லை, பல இடங்களில் செல்போன் இல்லை. அந்த நேரத்தில் பேட்டரி போட்ட ஒரு சின்ன ரேடியோவுக்கு என்ன மதிப்பு என்று கோட்டூர்புரம், சைதாப்பேட்டைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ரேடியோ யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி வெறும் பாட்டு ரசனை சம்பந்தப்பட்டது இல்லை. ஆபத்து நேரத்தில் உங்கள் தெருவின் பெயர் தெரிந்த ஒருவர் மைக் முன்னால் இருப்பாரா என்பதும் அதில் அடக்கம்.

இன்றைக்கு மத்திய அலை ஓய்ந்துகொண்டு வருகிறது. நாட்டில் பல இடங்களில் பழைய டிரான்ஸ்மிட்டர்களை வானொலி நிறுத்திவிட்டது. செல்போனில் மத்திய அலை வராது. வீட்டிலோ எல்.இ.டி. விளக்கும் இன்வெர்ட்டரும் போடுகிற இரைச்சலில் பாட்டு அமுங்கிவிடும். ஓய்வு பெற்ற ஒரு அலையைப் பிடித்து வைத்துக்கொண்டு அழ நான் சொல்லவில்லை. பெட்டி போகட்டும், அந்தக் கடற்கரை ஒலிபெருக்கியின் எண்ணம் போக வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

அந்த எண்ணத்துக்கு நம் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 2004 பிப்ரவரி 1-ல் கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 90.4 தொடங்கியது. இந்தியாவின் முதல் வளாக சமுதாய வானொலி அது. சட்டப்படி 100 வாட்ஸ் கதிர்வீச்சு சக்தி வரை அனுமதி. நிகழ்ச்சியில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கெடுத்து உருவாக்கியதாக இருக்க வேண்டும். லாப நோக்கம் கூடாது. ஏலமும் கிடையாது. நகரத்தில் வேறு சில கல்லூரிகளும் நடத்துகின்றன. அன்றைக்கு ஒரு கிளப் 200 வாட்ஸில் செய்ததை, இன்றைக்கு ஒரு கல்லூரி அதில் பாதி சக்தியில் செய்யலாம்.

ஆகவே இந்தச் சங்கத்துக்கு என் வேண்டுகோள். நம் கல்லூரி ஒரு சமுதாய வானொலிக்கு விண்ணப்பிக்கட்டும். டிரான்ஸ்மிட்டர், கோபுரம், ஸ்டூடியோ இவற்றின் வடிவமைப்பை என்னைப் போன்றவர்கள் சம்பளம் இல்லாமல் செய்து தருகிறோம். மூத்தவர்கள் தங்கள் குரலைப் பதிவு செய்து தாருங்கள். பழைய தி.நகர், பழைய மயிலாப்பூர், உங்கள் முதல் வேலை, எதுவானாலும் சரி. மாணவர்கள் நிகழ்ச்சியை நடத்தட்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு வித்வான் ஆகாத பிள்ளை ஒருத்தன் வயலின் வாசிக்கட்டும், பக்கத்துக் குப்பத்து மீனவர் காற்று எப்படி என்று சொல்லட்டும், கானா பாடுகிற தம்பிக்கும் அரை மணி நேரம் கிடைக்கட்டும்.

ஆனால் கிளப்பின் கதையை மறக்கக் கூடாது. கிருஷ்ணசாமி செட்டிக்கு ஆர்வத்தில் குறைவில்லை. மூன்றே வருஷத்தில் மூடியதற்குக் காரணம் பணம். டிரான்ஸ்மிட்டர் வாங்குவது ஒருநாள் செலவு. அதை நடத்துவது மாதச் செலவு. திறப்பு விழா அன்று மாலை போடுகிற உற்சாகத்தில் நன்கொடை கொடுத்துவிட்டு மறந்துவிட்டால், நாலாவது வருஷம் அதுவும் யாரோ ஒருவர் கைக்குப் போகும், அவர் பாட்டுதான் கேட்கும். அதனால் ஒரே தடவை பெரிய தொகை வேண்டாம். ஆளுக்கு ஒரு சின்னத் தொகை, மாதாமாதம், வங்கியிலிருந்து தானாகப் போகும்படி. பில் கட்டுபவர்தான் பாட்டைத் தீர்மானிக்கிறார் என்றேன் அல்லவா? பில்லை நாம் கட்டுவோம்.

சாப்பாட்டு வாசனை வர ஆரம்பித்துவிட்டது, இனி நான் பேசினால் யாரும் கேட்க மாட்டீர்கள். வெளியே வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பெயரும் மாதத் தொகையும் எழுதிவிட்டுப் பந்திக்குப் போகலாம்.