இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கும் நம் நிக்காஹ் பதிவேடும்

(போளூரில் நடந்த குடும்பச் சந்திப்பில் டிரஸ்டின் கணினிப் பொறுப்பாளர் ஆற்றிய உரை)



"ஹார்ட் டிஸ்க்கைப் பற்றிப் பேசவா தம்பி இந்த மழையில் மேல்மலைக்கு வந்தீர்கள்?" என்று வாசலிலேயே ஒரு பெரியவர் கேட்டார். அதற்குத்தான் வந்தேன். உங்களிடம் ஒரு உதவியும் கேட்க வேண்டியிருக்கிறது.

குர்ஆனிலேயே நீளமான வசனம் அல்பகராவின் 282ஆம் வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள், சாட்சி வையுங்கள் என்று அது சொல்கிறது. எழுதி வைப்பதில் நம் முன்னோர் குறை வைக்கவில்லை. நிக்காஹ் தஃப்தர், மவுத் பதிவு, ஜகாத் கணக்கு, வக்ஃபு பத்திரம் எல்லாம் இருக்கின்றன. எழுதியதைக் காப்பாற்றுவதில்தான் கோட்டை விடுகிறோம். நம் மலை ஈரத்தில் காகிதம் பூஞ்சை பிடிக்கிறது. 2025 ஜூன் 6ஆம் தேதி ஒன்றிய அரசு 'உமீத்' தளத்தைத் திறந்து, வக்ஃபு சொத்து விவரங்களை ஆறு மாதத்துக்குள் ஏற்றச் சொன்னபோது பழைய பத்திரம் தேடி எத்தனை பேர் அலைந்தோம் என்று உங்களுக்கே தெரியும்.

அதனால் பதிவேடுகளை ஸ்கேன் செய்யத் தொடங்கினோம். அலுவலகக் கணினியில் ஓடுவது பாஸ் லினக்ஸ். சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. 2011 முதல் அரசு பிள்ளைகளுக்குத் தந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்து வந்ததே, அதேதான். காசு கொடுக்க வேண்டியதில்லை. ஒரு டிஸ்க் போனால் எல்லாம் போய்விடும் என்று இரண்டாவதாக 1 டெராபைட் டிஸ்க் ஒன்றையும் மாட்டினோம்.

மாட்டுவது பெரிய வித்தை இல்லை. கணினியை அணைத்து, மின் கம்பியைப் பிடுங்கிவிட்டு, டேட்டா கேபிள் ஒன்று, பவர் கேபிள் ஒன்று. திரும்பப் போட்டதும் 'எல்எஸ்பிஎல்கே' என்று அடித்தால் டிஸ்க்குகளின் பட்டியல் வரும். பழையது பெரும்பாலும் எஸ்டிஏ, புதியது எஸ்டிபி. இங்கே நிதானம் வேண்டும். அடுத்த வேலை பகுதி பிரித்து 'எம்கேஎஃப்எஸ்' கொண்டு ஃபார்மேட் செய்வது. ஒரு எழுத்து மாறினால் பழைய டிஸ்க் துடைக்கப்பட்டுவிடும். பென் டிரைவ்களை எல்லாம் கழற்றிவிட்டு, கொள்ளளவைப் பார்த்து, பக்கத்தில் இன்னொருவரையும் பார்க்கச் சொல்லி, பிறகு என்டரைத் தட்டுங்கள்.

விண்டோஸில் புது டிஸ்க் 'டி' என்றோ 'இ' என்றோ தனியாக நிற்கும். யூனிக்ஸ் வழி வந்தவற்றில் அப்படி இல்லை. எல்லாம் ஒரே வீடு. வீட்டுக்குள் ஒரு காலி அறையைக் காட்டி, இதன் வழியாகப் புது டிஸ்க்குக்குப் போ என்று சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் மவுண்ட். 1974இல் ரிச்சியும் தாம்சனும் எழுதிய யூனிக்ஸ் கட்டுரையிலேயே இந்த முறை இருக்கிறது. எங்கள் காலி அறைக்குக் 'காப்பு' என்று பெயர் வைத்தோம்.

ஒவ்வொரு முறை கணினி கிளம்பும்போதும் தானாக மவுண்ட் ஆக, 'எஃப்எஸ்டேப்' என்ற கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும். அதில் எஸ்டிபி என்று எழுதாதீர்கள். அந்தப் பெயர் நிலையானதல்ல. இன்னொரு டிஸ்க் சேர்ந்தால் இடம் மாறும். 'பிஎல்கேஐடி' காட்டும் நீளமான யூயூஐடி எண்ணை எழுதுங்கள். எழுதிய கையோடு 'மவுண்ட் -ஏ' கொடுத்துச் சரிபாருங்கள். பிழை இருந்தால் அப்போதே தெரியும். இல்லையென்றால் மறுநாள் கணினியே கிளம்பாமல் நிற்கும்.

அந்த வரியில் 'நோஃபெயில்' என்று ஒரு சொல்லும் சேர்த்தேன். டிஸ்க் இல்லாவிட்டாலும் கணினி நிற்காமல் கிளம்பட்டும் என்பது அதன் பொருள். வசதியான சொல். அதுதான் என்னைக் கவிழ்த்தது.

ரமலானுக்கு முன் அலுவலகத்துக்கு வெள்ளையடித்தோம். பெட்டியை நகர்த்தியதில் இரண்டாவது டிஸ்க்கின் கேபிள் தளர்ந்துவிட்டது. நோஃபெயில் இருந்ததால் கணினி ஒன்றும் சொல்லாமல் கிளம்பியது. வியாழன் இரவுதோறும் தானாக நகல் எடுக்கும் ஏற்பாடும் ஓடியது, 'முடிந்தது' என்றும் சொன்னது. ஆனால் எங்கே எழுதியது? கதவு இருந்தது, அறையும் இருந்தது. அதற்குப் பின்னால் டிஸ்க் இல்லை. முதல் டிஸ்க்கில் உள்ள காலி அறைக்குள்ளேயே எழுதியிருக்கிறது. எட்டு மாதம் இரண்டு பிரதி இருக்கிறது என்று நம்பினேன். இரண்டும் ஒரே டிஸ்க்கில்!

கணவரின் பென்ஷனுக்காக ஒரு சகோதரி தன் நிக்காஹ் பதிவைக் கேட்டு வந்த அன்றுதான் தெரிந்தது. படத்தைத் திறந்தால் கணினி உறைந்தது. டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம். பரவாயில்லை, இன்னொன்று இருக்கிறதே என்று 'டிஎஃப் -எச்' அடித்தேன். காப்பு என்ற பெயரே பட்டியலில் இல்லை. உடனே அணைத்து, கேபிளைச் சரிசெய்து, பென் டிரைவிலிருந்து பாஸைக் கிளப்பி, அந்த எட்டு மாதக் கோப்புகளை மட்டும் இரவு முழுக்க நகல் எடுத்தோம். அல்ஹம்துலில்லாஹ், அந்தச் சகோதரியின் பக்கம் கிடைத்தது. நாற்பது படங்கள் போல வரவில்லை. தஃப்தரைத் திறந்து மறுபடி ஸ்கேன் செய்தோம். அதற்குள் இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போதே கிழிந்துவிட்டன. அவை யாருடைய நிக்காஹ் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது செய்திருப்பது இது. டிஸ்க்கை மவுண்ட் செய்யாத நிலையில், அந்தக் காலி அறைக்கு 'சிஹெச்அட்டர் பிளஸ் ஐ' என்று பூட்டுப் போட்டுவிட்டோம். டிஸ்க் மவுண்ட் ஆனால் வழக்கம் போல எழுதலாம். ஆகாவிட்டால் ரூட்டே வந்தாலும் எழுத முடியாது. நகல் பிழை காட்டி நின்றுவிடும். நிற்பதுதான் நமக்கு வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் ஒருவர் டிஎஃப் பார்த்து, காப்பிலிருந்து ஏதாவது ஒரு படத்தைத் திறந்து பார்த்துவிட்டு நோட்டில் கையெழுத்துப் போடுகிறார். அதைத் தானாக நடக்க விடவில்லை.

இருந்தாலும் இரண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டிக்குள். ஒரு இடி போதும், ஒரு திருட்டு போதும். உஸ்மான் (ரலி) அவர்கள் குர்ஆன் பிரதிகளைப் பல நகரங்களுக்கு அனுப்பி வைத்தார்கள், ஒரே ஊரில் வைத்துக்கொள்ளவில்லை. 2018 நவம்பரில் கஜா புயலில் மரங்கள் சாய்ந்து, மின்சாரம் போய், பாதை அடைபட்டுக் கிடந்ததும் நமக்கு நினைவிருக்கிறது.

அதனால்தான் இங்கே வந்தேன். மூன்றாவது டிஸ்க் ஒன்று வாங்கியிருக்கிறோம். குடும்ப விவரங்கள் இருப்பதால் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருக்கிறோம். அது இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு மூடி இறுக்கமான டப்பாவில் தருவோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நானே வந்து எடுத்துப் போய், புதியவற்றைச் சேர்த்துத் திரும்பக் கொண்டுவருகிறேன், இன்ஷா அல்லாஹ். அடுப்பங்கரைப் புகையும் சுவர் ஈரமும் படாத பீரோ யார் வீட்டில் இருக்கிறது? தொழுகை முடிந்ததும் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன்.

வஸ்ஸலாம்.