கார்ப் பந்தயத்தில் வெல்வது பணமா, திறமையா?



"பணம் பத்தும் செய்யும்" என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. தோட்டத்துப் பிள்ளை ஒன்று இயந்திர வேலையில் ஆசைப்பட்டால், "கையில் காசில்லையே, நமக்கு எதற்கு அது?" என்று அடக்கிவிடுகிறோம். பணம் உண்மையிலேயே பத்தும் செய்யுமா? காசைத் தண்ணீராய் இறைக்கும் ஒரு துறையைக் கொண்டே இதைச் சோதித்துப் பார்ப்போம். அதுதான் கார்ப் பந்தயம். 1999 முதல் 2017 வரை நம் செப்பாங்கில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தை நேயர்கள் பலர் அறிந்திருப்பீர்கள்.

முதலில் இங்கிலாந்துக்குப் போவோம். லண்டனுக்கு அருகே சர்பிட்டன் என்னும் ஊரில் சார்லஸ் கூப்பர், ஜான் கூப்பர் என்ற தகப்பனும் மகனும் கார் பட்டறை வைத்திருந்தார்கள். 1946ஆம் ஆண்டில், மோட்டார் சைக்கிள் இயந்திரத்தைப் பொருத்தி ஒரு சிறு பந்தயக் காரைச் செய்தார்கள். அந்த இயந்திரம் சங்கிலியால் பின்சக்கரங்களைச் சுழற்றியது. ஆகவே அதை ஓட்டுநருக்குப் பின்னால் வைப்பதே வசதியாயிற்று.

அக்காலத்துப் பெரிய நிறுவனங்களின் பந்தயக் கார்களில் இயந்திரம் முன்னால் இருக்கும். அதன் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோக நீண்ட தண்டு ஒன்று வேண்டும். கூப்பர் காருக்கு அது தேவைப்படவில்லை. எடை குறைந்தது, உயரம் தாழ்ந்தது, வளைவுகளில் கார் சுலபமாகத் திரும்பியது. 1959, 1960 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஜாக் பிரபாம் என்ற ஆஸ்திரேலியர் கூப்பர் காரை ஓட்டி உலக வெற்றியாளரானார். புகழ்பெற்ற ஃபெராரி நிறுவனமும் 1961இல் தன் பந்தயக் காரின் இயந்திரத்தைப் பின்னுக்கு மாற்றிக்கொண்டது.

அப்படியானால் பணம் வேண்டாமா? வேண்டும். கீத் டக்வொர்த் என்ற பொறியாளர் 1958இல் மைக் காஸ்டின் என்பவருடன் சேர்ந்து காஸ்வொர்த் என்னும் சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர், புதிய பந்தய இயந்திரம் ஒன்றை உருவாக்க ஃபோர்டு நிறுவனம் 100,000 பவுன் கொடுத்தது. 1967 ஜூன் மாதம் ஹாலந்தில் நடந்த போட்டியில் அந்த இயந்திரம் முதன்முறையாக ஓடியது. அன்றே ஜிம் கிளார்க் வெற்றி பெற்றார்! 1983 வரை அவ்வகை இயந்திரம் 155 உலகப் போட்டிகளில் வென்றது. திறமையுள்ள கையைப் பணம் தேடிப் போனதன் பலன் அது.

இதற்கு மாறான கதையும் உண்டு. டொயோட்டா நிறுவனம் 2002 முதல் 2009 வரை எட்டு ஆண்டுகள் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்டது. மிக அதிகமாகச் செலவு செய்த குழுக்களில் அதுவும் ஒன்று. ஆயினும் ஒரு போட்டியில்கூட முதலிடம் கிடைக்கவில்லை.

அதே 2009ஆம் ஆண்டில் நடந்த இன்னொன்றையும் கேளுங்கள். ஹோண்டா நிறுவனம் பந்தயத்தை விட்டு விலகியபோது, அதன் குழுவை ராஸ் பிரான் என்ற பொறியாளர் ஒரே ஒரு பவுனுக்கு வாங்கினார். காரின் அடியில் ஓடும் காற்றைப் புதிய முறையில் வெளியேற்றும் அமைப்பு அவர்களிடம் இருந்தது. ஜென்சன் பட்டன் முதல் ஏழு போட்டிகளில் ஆறில் வென்று, அவ்வாண்டின் உலக வெற்றியாளரானார். ஆனால் அந்தக் காரை வடிவமைக்க முந்திய ஆண்டே செலவழித்தது ஹோண்டாதான். கைப்பணம் சுருங்கியதும் மற்றக் குழுக்கள் நெருங்கி வந்தன. அந்த ஏழு போட்டிகளுக்குப் பிறகு பட்டனுக்கு அவ்வாண்டில் வெற்றியே இல்லை.

பணபலம் மட்டுமே பந்தயத்தைத் தீர்மானித்துவிடக் கூடாது என்றுதான், 2021இல் குழுக்களின் செலவுக்கு உச்சவரம்பு கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டுக்கு அது 145 மில்லியன் அமெரிக்க டாலர்.

நேயர்களே, கன்று நடாத நிலத்தில் உரத்தைக் கொட்டிப் பயனில்லை. நட்ட கன்றும் உரமில்லாவிட்டால் நன்றாய்க் காய்ப்பதில்லை. திறமை கன்று, பணம் உரம். இதில் எது முந்தியது என்பதைத் தோட்டத்தில் வாழும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பழைய மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், கையில் காசில்லை என்று அடக்கிவிடாதீர்கள். கணக்கையும் அறிவியலையும் ஊன்றிப் படிக்கச் சொல்லுங்கள். தொழிற்பயிற்சிக்கும் உதவிச் சம்பளத்துக்கும் வழி என்ன என்று பள்ளி ஆசிரியரிடம் கேளுங்கள். கன்றை இன்றே நடுங்கள், உரத்தைத் தேடிக்கொள்ளலாம்.