பத்தாயிரம் அடி யார் விதித்தது?



இன்று பலர் அடி எண்ணும் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, தினம் 10,000 அடி நடந்தால்தான் உடம்புக்கு நல்லது என்கிறார்கள். ஏன் 10,000? 9,000 ஆனால் கெட்டுப்போகுமா? கேட்டால் பதில் இல்லை.

அதன் பூர்வோத்தரத்தைச் சொல்லுகிறேன். 1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. மறு வருஷம் ஜப்பானில் ஒரு கம்பெனி அடி எண்ணும் கருவியொன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் ‘மான்போ-கெய்’. அதாவது ‘பத்தாயிரம் அடி மானி’. அந்த வியாபாரப் பெயர்தான் பெரும்பாலும் வைத்திய விதியாக மாறி உலகத்தைச் சுற்றிவிட்டது.

2019-ல் அமெரிக்காவில் ஐ-மின் லீ அம்மையாரும் அவருடைய சகாக்களும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். சராசரி 72 வயதுள்ள 16,741 பெண்களின் நடையைக் கருவி வைத்து அளந்தார்கள். தினம் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட, சுமார் 4,400 அடி நடந்தவர்களுக்கு மரண விகிதம் 41 சதவிகிதம் குறைவாயிருந்தது. சுமார் 7,500 அடிக்குமேல் அதிகப்படியான பலன் காணவில்லை. எல்லாம் நடையால்தான் என்று இந்த ஒரு கணக்கைக்கொண்டு முடிவுகட்ட முடியாது. ஆனால் 10,000 வேதவாக்கல்ல என்பது மட்டும் தெளிவாகிறது.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நம்மால் 10,000 ஆகாது, நடந்து பயனில்லை என்று மூலையில் உட்கார்ந்துவிடும் கிழவிக்குத்தான் நஷ்டம். 4,000 அடி அவளால் முடியுமே!

ஆதலால் தோழர்களே, முடிந்தமட்டும் நடவுங்கள். சொல்லுவது மனிதனானாலும் இயந்திரமானாலும் காரணம் கேளுங்கள் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறேன்.